பக்கவாதத்துக்கு எனக் கொடுத்த எடரவோன்: தாராவியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி

நோயாளி 57 வயது ஆண். திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து இளம் வயதில் மும்பைக்கு வந்தவர்; தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் மனைவியுடன் வசிக்கிறார். விடியுமுன் இட்லியும் வடையும் செய்து, சைக்கிளில் ஏற்றி, மாட்டுங்கா, கிங்ஸ் சர்க்கிள் பகுதிக் குடியிருப்புகளில் விற்பது அவர் தொழில். பத்து ஆண்டுகளாக ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறார். சர்க்கரை நோய் இல்லை. புகையும் மதுவும் இல்லை. அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன.

எங்கள் நரம்பியல் புறநோயாளர் பிரிவுக்கு அவர் ஜனவரியில் வந்தார். கையோடு கொண்டுவந்த கோப்பின் முதல் தாளில், செப்டம்பர் முதல் வாரத்தில் திடீரெனப் பேச்சுக் குழறல், பக்கவாதம் என்று எழுதியிருந்தது. நான்கு மாத மருந்துக்குப் பிறகும் பேச்சு தெளியவில்லை; டீ குடித்தால் புரையேறுகிறது; எடை 61 கிலோவிலிருந்து 54 கிலோவுக்கு இறங்கியிருக்கிறது; வலது கையில் பிடிமானம் குறைந்திருக்கிறது. இது இரண்டாவது பக்கவாதமா என்பதுதான் குடும்பத்தாரின் கேள்வி.

தொடங்கிய தேதி

பக்கவாத மருத்துவத்தில் முதல் கேள்வி நோய் தொடங்கிய நேரம். எந்த மருந்து கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் அதற்கு வரும் விடையைப் பொறுத்தவை. இவருடைய கோப்பில் இருந்த தேதி எங்கிருந்து வந்தது என்று விசாரித்தோம். மகன் புனேயில் வேலை பார்க்கிறார். கணபதி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த அன்று அப்பாவின் பேச்சு மாறியிருப்பதைக் கவனித்தார். அவரே மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். மருத்துவரிடம் விவரம் சொன்னவரும் அவரே. மகன் கவனித்த நாள் நோய் தொடங்கிய நாளாகப் பதிவாகிவிட்டது.

கூடவே இருந்த மனைவிக்கு அது தெரியாமல் போனதில் வியப்பில்லை. நாள்தோறும் கேட்கும் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மாறினால் காது பழகிவிடும். ஆனால் மாட்டுங்காவில் ஒரு கட்டடக் காவலாளி மே மாதத்திலேயே, 'அண்ணாச்சி, காலையிலேயே போட்டாச்சா?' என்று சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறார். குடிக்காத மனிதருக்கு அது மனத்தில் தைத்திருக்கிறது, வீட்டில் சொல்லவில்லை. எங்களிடம் சைகையும் குழறலுமாகச் சொன்னபோதுதான் மனைவிக்கே தெரிந்தது.

உறுதியான சான்று அவருடைய கைப்பேசியில் கிடைத்தது. மாவு மில்லுக்கும் ஊரில் இருக்கும் தங்கைக்கும் அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள் தேதிவாரியாக அப்படியே இருந்தன. அவருடைய ஒப்புதலோடு அவற்றை வரிசையாகக் கேட்டோம். பிப்ரவரியில் குரல் கணீரென்று இருக்கிறது. மே மாதத்தில் மூக்கொலி லேசாகக் கலக்கிறது. வாக்கியத்தின் கடைசிச் சொற்கள் மங்குகின்றன. ஆகஸ்டில், அதாவது 'திடீரென' வந்ததற்கு முன்பே, குழறல் ஐயமில்லாமல் கேட்கிறது. செலவே இல்லாத இந்தச் சோதனையை, பேச்சு மாறி வரும் நோயாளிகள் எல்லாரிடமும் இப்போது செய்துபார்க்கிறோம். ரத்தக் குழாய் அடைத்து வரும் பக்கவாதம் நொடிகளிலோ நிமிடங்களிலோ வந்து, பிறகு அப்படியே நிற்கும் அல்லது மெல்லத் தேறும். சில வேளை படிப்படியாகச் சில நாட்களுக்குக் கூடலாம். ஏழு மாதம் தொடர்ந்து சரிவது அதன் இயல்பு அல்ல.

முதலில் நடந்த சிகிச்சை

செப்டம்பர் கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூளை எம்ஆர்ஐ எடுக்கப்பட்டது. வெண்பொருளில் ரத்தக் கொதிப்பால் வரும் சிறு மாற்றங்களும், இடப்புறம் பழைய நுண்குழி அடைப்பு ஒன்றும் தெரிந்தன. புதிய அடைப்பைக் காட்டும் பரவல் படத்தில் எதுவும் இல்லை. புதிய அடைப்பு அந்தப் படத்தில் ஏறத்தாழ பத்துப் பதினைந்து நாள் வரைதான் வெளிச்சமாகத் தெரியும் என்பதால், மூன்று வாரம் கழித்து எடுத்ததால்தான் தெரியவில்லை என்று விளக்கம் தரப்பட்டது. தேதியை நம்பினால் அந்த விளக்கத்தில் பிழையில்லை. ஐம்பதைத் தாண்டிய ரத்தக் கொதிப்புக்காரர் யாரை ஸ்கேன் செய்தாலும் இப்படி ஒரு பழைய புள்ளி அகப்படக்கூடும் என்பதைத்தான் யோசித்திருக்க வேண்டும்.

அதையடுத்து அவருக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் 75 மி.கி., குளோபிடோக்ரெல் 75 மி.கி., கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் 40 மி.கி. தொடங்கப்பட்டன. இரண்டு வாரம் படுக்கையில் சேர்த்து, சிட்டிகோலின் ஊசியும், எடரவோன் 30 மி.கி. காலை மாலை இரு வேளை டிரிப்பில் 14 நாளும் கொடுத்தார்கள். செலவுக்கு மனைவியின் நகை அடகுக்குப் போயிற்று. நவம்பரில் ரத்தத்தில் தசை நொதியான சிகே 460 என்று வந்தபோது அடோர்வாஸ்டாடின்தான் கையின் தளர்ச்சிக்குக் காரணம் என்று கருதி அதை நிறுத்தினார்கள். இரண்டு மாதம் கழித்தும் சிகே 430-லேயே நின்றது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மெல்லச் சாகும் இயக்க நரம்பணு நோயிலும் சிகே இப்படிச் சில நூறுகள் வரை உயர்ந்திருப்பது வழக்கம்தான்.

பரிசோதனையில் கண்டவை

அவரிடம் உதடு சேர்ந்து வரும் சொற்களைச் சொல்லச் சொன்னோம். அம்மா, மாமா, பாப்பா என்பவை ஓரளவு தெளிவாக வந்தன. நாக்கு மேலே மடிந்து தொட வேண்டிய ஒலிகளில் சிக்கினார். பல ஆண்டுகளாகத் தெருவில் கூவி விற்ற 'இட்லி' என்ற சொல் டகரம் இல்லாமல் 'இல்லி' என்று ஈரமாக வந்தது. மும்பையில் எங்கள் பணி பெரும்பாலும் இந்தியிலும் மராத்தியிலும் நடப்பதால், முந்தைய மருத்துவர்கள் யாரும் அவரைத் தாய்மொழியில் பேசவைத்துக் கேட்டதில்லை.

நாக்கை வெளியே நீட்டாமல் வாய்க்குள்ளேயே தளர்வாக விடச் சொல்லி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். நீட்டிய நாக்கு யாருக்கும் சற்று நடுங்கும் என்பதால் இந்த எச்சரிக்கை தேவை. இரு ஓரங்களும் மெலிந்து சுருங்கியிருந்தன. மேற்பரப்பின் அடியில் புழு நெளிவதுபோல் துடிப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. அதே சமயம் தாடையைச் சுத்தியால் தட்டியபோது அனிச்சை மிகையாக இருந்தது. நாக்கு மெலிவது தசைக்கு நேரே செல்லும் கீழ்நிலை நரம்பணு செத்துவருவதன் அடையாளம். தாடை துள்ளுவது மூளையிலிருந்து அதற்குக் கட்டளை கொண்டுவரும் மேல்நிலை நரம்பணு பாதிக்கப்பட்டதன் அடையாளம். அடுத்தடுத்த இடங்களில் இரண்டும் சேர்ந்திருக்க, உணர்ச்சியும் கண் அசைவும் முழுமையாக இருக்க, எந்த ஒற்றை ரத்தக் குழாயின் அடைப்பையும் அதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது.

வலது கையில் கட்டைவிரல் மேடு தட்டையாகியிருந்தது. சுண்டுவிரல் பக்கத்து மேடு பெரும்பாலும் கெடாமல் இருந்தது. ஒரே கையில், ஒரே தண்டுவட மட்டத்திலிருந்து நரம்பு வாங்கும் தசைகளில் ஒரு பக்கம் மட்டும் முதலில் கரைவது இந்த நோய்க்கே உரிய ஒரு கோலம். சைக்கிளின் ரப்பர் ஹார்னை அந்தக் கையால் அமுக்க முடியாமல் தீபாவளியிலிருந்தே இடது கைக்கு மாற்றிவிட்டதாக அவர் செய்து காட்டினார். தொலைக்காட்சியில் சாதாரணச் செய்தி பார்த்தாலும் அழுகை வருகிறது, நிறுத்த முடியவில்லை என்றார் மனைவி. அது மனச்சோர்வு என்று எழுதப்பட்டிருந்தது. உண்மையில் மேல்நிலை நரம்புப் பாதையின் கட்டுப்பாடு தளர்ந்ததால் வருவது.

தசைகளின் மின் செயல்பாட்டைப் பதியும் இஎம்ஜி சோதனையில் நாக்கு, வலது கை, முதுகின் நடுப்பகுதித் தசைகள், இடது கால் ஆகியவற்றில் நரம்பிழப்பு தெரிந்தது. உணர்ச்சி நரம்புகள் இயல்பாக இருந்தன. இயக்க நரம்புகளில் கடத்தல் தடை இல்லை. தசைச்சோர்வு நோய்க்கான எதிர்பொருளும், மீள் நரம்புத் தூண்டல் சோதனையும் எதிர்மறை. தைராய்டு, பி12, எச்ஐவி, கழுத்து எம்ஆர்ஐ ஆகியவற்றில் விளக்கம் தரும் எதுவும் இல்லை. தென்னிந்தியருக்கு இயக்க நரம்பணு நோய் என்றதும் சென்னையில் 1970-ல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் விவரித்த 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' நினைவுக்கு வருவது இயல்பு. குடும்பத்துக்கு நல்ல செய்தியாகவும் அது இருந்திருக்கும், ஏனெனில் அது மிக மெதுவாக நகர்வது. ஆனால் அது இளம் வயதில் தொடங்கி, காது கேளாமையோடு வரும். இவருக்கு வயது 57, செவித்திறன் சீராக இருந்தது. இயக்க நரம்பணு நோயில் வேகமாக நகரும் வகையான ஏஎல்எஸ், நாக்கு, தொண்டைப் பகுதியில் தொடங்கியது என்று முடிவு செய்தோம்.

மைத்துனரின் பக்கவாதம்

இந்த முடிவைக் குடும்பத்தார் ஏற்கத் தயங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. முந்தைய ஆண்டில்தான் மனைவியின் அண்ணனுக்கு, சயான் கோலிவாடாவில் தோல் பை தைக்கும் 62 வயதுக்காரருக்கு, பக்கவாதம் வந்திருந்தது. 'மச்சானுக்கு ஒரே ஊசியிலே கை வந்துச்சே, எனக்கு மட்டும் ஏன் வரலை?' என்பதை நோயாளி ஒரு தாளில் எழுதியே காட்டினார். அந்தச் சிகிச்சையின் தாள்களையும் மகன் கொண்டுவந்திருந்தார். அவற்றை இங்கே எடுத்துச் சொல்லக் காரணம், பக்கவாத மருந்து எப்போது, எப்படி வேலை செய்கிறது என்பதை அவை நன்றாகக் காட்டுகின்றன.

மைத்துனருக்குக் காலை 7.10-க்கு டீ டம்ளர் கையிலிருந்து நழுவியது. வலப்பக்கம் விழுந்து வாய் கோணியது. நேரத்தைப் பார்த்து வைத்தவர் மருமகள். 8.25-க்கு அவசரப் பிரிவை அடைந்தார்கள். சிடி ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை. விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை இயல்பு. ரத்த அழுத்தம் 192/104 இருந்ததை லேபெடலால் ஊசியால் 185/110-க்குக் கீழே இறக்கிய பிறகு 9.15-க்கு, ரத்தக் கட்டியைக் கரைக்கும் அல்டெப்லேஸ் தொடங்கப்பட்டது. கிலோவுக்கு 0.9 மி.கி. என்ற கணக்கில் 64 கிலோவுக்கு 57.6 மி.கி.; அதில் பத்தில் ஒரு பங்கு ஒரு நிமிடத்தில், மீதி ஒரு மணி நேரத்தில். அடுத்த 24 மணி நேரம் ஆஸ்பிரின்கூடக் கொடுக்காமல், மறுபடி ஸ்கேன் எடுத்துக் கசிவில்லை என்று பார்த்த பின்பே தொடங்கினார்கள். மருந்து ஏறி முடியுமுன்பே கையைத் தூக்கினார் என்று குடும்பம் சொல்கிறது. குறிப்புகளிலும் பாதிப்பின் மதிப்பெண் 9-லிருந்து மறுநாள் 3-க்கு இறங்கியிருக்கிறது.

இந்த மருந்தை நிலைநாட்டியது 1995-ல் வெளியான அமெரிக்க ஆய்வு. 3 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கிய 624 பேரில், மூன்று மாத முடிவில் ஏறத்தாழ ஊனமின்றி இருந்தவர்கள் மருந்துக் குழுவில் 39 விழுக்காடு, போலி மருந்துக் குழுவில் 26 விழுக்காடு. மூளையில் கசிந்து நிலைமையை மோசமாக்கும் ஆபத்து 0.6-லிருந்து 6.4 விழுக்காடாக உயர்ந்தது. 2008-ல் வந்த ஐரோப்பிய ஆய்வு நேர வரம்பை நாலரை மணிக்கு நீட்டியது. இப்போது எடைக்கேற்ற அளவில் ஒரே தடவையாகப் போட்டுவிடும் டெனெக்டெப்லேஸ் பல இடங்களில் அல்டெப்லேஸின் இடத்தைப் பிடித்துவருகிறது. படுக்கையிலேயே கை எழுந்ததை மைத்துனரின் நற்பேறு என்றே சொல்ல வேண்டும். அந்த 1995 ஆய்விலேயே 24 மணி நேர முன்னேற்றத்தில் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. பலன் மூன்று மாதத்தில்தான் தெரிந்தது. ஆனால் கண்ணால் பார்த்த குடும்பத்துக்கு அதை விளக்குவது கடினம்.

கட்டி கரைந்தால் மூளைக்கு ரத்தம் திரும்பும். இன்னும் சாகாத, மயங்கிக் கிடக்கும் அணுக்கள் பிழைக்கும். நாலரை மணி என்பது அந்த அணுக்களின் ஆயுள் கணக்கு. ஏஎல்எஸ் நோயில் கரைக்க எந்தக் கட்டியும் இல்லை. நோய் தெரியவரும் நேரத்தில் நரம்பணுக்களில் பெரும்பங்கு ஏற்கெனவே இழக்கப்பட்டிருக்கும். எஞ்சியவற்றின் இழப்பை மெதுவாக்குவதுதான் மருந்தால் முடிவது. அதனால் மருந்து வேலை செய்கிறதா என்பதை நோயாளியாலோ மருத்துவராலோ கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது.

எடரவோன்

இரு நோய்களிலும் பெயர் வரும் மருந்து எடரவோன். இந்த நிகழ்வை எழுதத் தூண்டியதும் அதுதான்.

எடரவோன் கட்டற்ற உயிர்வளி மூலக்கூறுகளைப் பிடித்து அழிப்பது. ஜப்பானில் 2001-ல் புதிதாக வந்த பக்கவாதத்துக்கு அனுமதி பெற்றது. அளவு 30 மி.கி. இரு வேளை, 14 நாளுக்கு மிகாமல், அதுவும் நோய் வந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். பின்னர் அதே நாட்டில் 2015-ல் ஏஎல்எஸ் நோய்க்கும், 2017 மே மாதம் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. ஏஎல்எஸ் நோயில் முதல் சுற்றுக்கு 60 மி.கி. நாளுக்கு ஒரு முறை, 14 நாள். பிறகு 14 நாள் இடைவெளி. அடுத்த சுற்றுகளில் 14 நாளில் 10 நாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், எங்கள் நோயாளி செப்டம்பர் கடைசியில் பெற்றது நாளுக்கு 60 மி.கி. வீதம் 14 நாள். பக்கவாதம் என்று நினைத்து, பக்கவாதத்துக்கான கால வரம்பைத் தாண்டி மூன்று வாரம் கழித்துக் கொடுக்கப்பட்ட மருந்து, அவருக்கு உண்மையில் இருந்த நோய்க்கான முதல் சுற்றாகத் தற்செயலாக அமைந்துவிட்டது. பலன் என்று எதுவும் தெரியவில்லை, தெரிந்திருக்கவும் முடியாது. பக்கவாதத்தில் எடரவோன் கொடுத்துத் தேறாவிட்டால், 'சிலருக்கு அப்படித்தான்' என்று விட்டுவிடுவோம். ஏஎல்எஸ் நோயில் கொடுத்து நோயாளி சரிந்தால், 'கொடுக்காவிட்டால் இன்னும் சரிந்திருப்பார்' என்போம். எந்தப் பக்கமும் தோற்காத மருந்து தவறான நோயறிதலையும் காட்டிக்கொடுக்காது. அல்டெப்லேஸ் போல ஆபத்தும் நேர வரம்பும் உள்ள மருந்தைக் கையில் எடுக்கும்போது எவரும் ஒன்றுக்கு இரண்டு முறை நோயை உறுதிசெய்வார்கள். இங்கே அந்தத் தடுப்பு இல்லாமல் போயிற்று.

சிட்டிகோலின் நிலையும் வேறல்ல. 2012-ல் வெளியான, 2,298 பேர் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வில் அது பக்கவாதத்தில் எந்தப் பலனையும் காட்டவில்லை. ஆனாலும் நம் நகரங்களில் பக்கவாதம் என்று சேர்ந்தால் டிரிப்பில் இவை இரண்டும் ஏறாமல் வெளியே வருவது அரிது. எடரவோன் பற்றி அவ்வளவு கறாராகச் சொல்ல முடியாது. டெக்ஸ்போர்னியாலோடு சேர்த்து 48 மணி நேரத்துக்குள் கொடுத்த சீன ஆய்வு 2021-ல் நல்ல முடிவைக் காட்டியிருக்கிறது. அது வேறு கலவை, வேறு நேரக் கணக்கு. மூன்று வாரத்துக்குப் பிறகு கொடுப்பதற்கு எந்த ஆய்விலும் இடமில்லை.

நோய் உறுதியானதும் மகனின் முதல் கேள்வி, அதே மருந்தை மீண்டும் தொடங்கலாமா என்பதாக இருந்தது. ஏஎல்எஸ் நோயில் எடரவோனின் முதல் பெரிய ஆய்வு தோல்வியடைந்தது. அதன் பிறகு, யாருக்குச் சற்றுப் பலன் இருந்ததாகத் தோன்றியதோ அவர்களைப் போன்ற நோயாளிகளை மட்டும் பொறுக்கி எடுத்து 137 பேரிடம் இரண்டாவது ஆய்வு நடந்தது: நோய் வந்து இரண்டு ஆண்டுக்குள் இருக்க வேண்டும், மூச்சுக் கொள்ளளவு 80 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, செயல்திறன் அளவுகோலின் ஒவ்வொரு வரியிலும் குறைந்தது 2 மதிப்பெண் இருக்க வேண்டும். 24 வாரத்தில் மருந்துக் குழு 5.01 மதிப்பெண் இழந்தது, போலி மருந்துக் குழு 7.50 இழந்தது. 48 மதிப்பெண் அளவுகோலில் இந்த 2.49 வேறுபாடு சிறிதல்ல. ஆனால் ஐரோப்பாவில் அனுமதிக்கான விண்ணப்பம் 2019-ல் திரும்பப் பெறப்பட்டது. 2022-ல் ஜெர்மனியில் நடைமுறை நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில் பலன் தென்படவில்லை. ஐரோப்பாவில் வாய்வழி எடரவோனை வைத்து நடந்த பெரிய ஆய்வும் 2024 தொடக்கத்தில் தோல்வி என்று அறிவிக்கப்பட்டது.

எங்கள் நோயாளியின் மூச்சுக் கொள்ளளவு அப்போது 71 விழுக்காடு, செயல்திறன் 36. அந்த இரண்டாவது ஆய்வின் வாசலிலேயே அவர் நின்றுபோயிருப்பார். ஒவ்வொரு சுற்றுக்கும் பத்து நாள் ஆளைக் கூட்டிவந்து நரம்பில் ஊசி ஏற்றும் சிரமம் வேறு. அடகில் இருக்கும் நகையை வைத்து அடுத்த சுற்றுக்குப் போவதைவிட, அந்தப் பணத்தை மூச்சுக் கருவிக்கும் உணவுக் குழாய்க்கும் வைத்துக்கொள்ளும்படி சொன்னோம். மகன் உடனே ஒப்பவில்லை. இரண்டாம் கருத்து கேட்டுவந்தார். அங்கேயும் ஏறக்குறைய இதையே சொல்லியிருந்தார்கள்.

ரிலுசோல்

பிப்ரவரியில் ரிலுசோல் 50 மி.கி. இரு வேளை தொடங்கினோம். நரம்பணுக்களைக் கிளர்த்தி அழிக்கும் குளூட்டமேட் சுரப்பைக் குறைப்பது அதன் வேலைகளில் ஒன்று. 1994-ல் 155 பேரிடம் நடந்த பிரெஞ்சு ஆய்வில், ஓராண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் ரிலுசோல் குழுவில் 74 விழுக்காடு, போலி மருந்துக் குழுவில் 58. பின்னர் 959 பேரிடம் நடந்த ஆய்வு நாளுக்கு 100 மி.கி. என்ற அளவை உறுதிசெய்தது. நடைமுறையில் ஆயுள் இரண்டு மூன்று மாதம் நீளும் என்று நோயாளிகளிடம் சொல்கிறோம். கேட்பவர் முகம் வாடும் எண்ணிக்கைதான்; ஆனாலும் மறைப்பதற்கில்லை. மகன் அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றார். நோயாளியோ, நாங்கள் மனைவியிடம் பேசி முடித்துத் திரும்பியபோது, தன் தாளில் 'எத்தனை வருஷம்' என்று எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவரிடமே பேசினோம்.

ஈரல் நொதிகளை முதல் மூன்று மாதம் மாதந்தோறும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில், அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுக்க வேண்டும். இவற்றைச் சொன்ன நாங்கள் மாத்திரையைப் பொடிப்பது பற்றிச் சொல்லவில்லை.

மார்ச்சில் ஒரு மாலை, அவரை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்தார்கள். 'வாயெல்லாம் மரத்துப்போச்சு, உதடு இருக்கிறதே தெரியலைங்கிறாரு, மறுபடி பக்கவாதம் வந்திருச்சு டாக்டர்' என்று மனைவி பதறினார். அவசரப் பிரிவில் பக்கவாதக் குழு கூடிவிட்டது. சிடி ஸ்கேனுக்கு அனுப்பத் தயாரானார்கள். பழைய கோப்பைப் பார்த்த பயிற்சி மருத்துவர் எங்களை அழைத்தார். மரத்துப்போனது இரு பக்கமும். உதடு, நாக்கு, மேலண்ணம் மட்டும். கை கால்களில் முன்பு இல்லாதது எதுவும் இல்லை. கடைசியாக என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டோம். மாத்திரை தொண்டையில் நிற்கிறது என்பதால் மனைவி அன்று முதன்முறையாக அம்மியில் வைத்து நுணுக்கி, கஞ்சித் தெளிவில் கலந்து, ஸ்பூனால் ஊட்டியிருக்கிறார். ரிலுசோலைப் பொடித்தால் அது வாயை மரக்கச் செய்யும். சோடியம் வழிகளை அடைக்கும் மருந்து என்பதால் பல் மருத்துவர் போடும் மரப்பு ஊசியைப் போன்ற விளைவு வருகிறது. ஒன்றரை மணி நேரத்தில் உணர்வு திரும்பியது. ஏற்கெனவே விழுங்கத் தடுமாறும் ஒருவருக்கு வாய் மரத்த நிலையில் எதையாவது ஊட்டுவது புரையேறுவதற்கு நேர்வழி என்பதால், அன்றே குழாய் பற்றிய பேச்சை எடுத்தோம்.

குடும்பத்துக்கு மட்டுமல்ல, அவசரப் பிரிவுக்கும் இந்த நோயாளி பக்கவாதக்காரராகவே தோன்றினார் என்பது கவனிக்கத்தக்கது. கணினியில் முதல் வரியில் இருந்த பழைய நோயறிதல் இன்னும் அழிக்கப்படவில்லை. அன்று அவர் நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தார். குளோபிடோக்ரெலும் ஆஸ்பிரினும் ஓடிக்கொண்டிருந்தன. கட்டி கரைக்கும் மருந்தைக் கொடுப்பதா என்று ஒரு கணமேனும் பேசப்பட்டது.

மற்ற மருந்துகள்

அதற்குப் பிறகே மருந்துப் பட்டியலை முழுமையாகச் சரிபார்த்துக் களையெடுத்தோம். முதல் வருகையிலேயே செய்திருக்க வேண்டியது. சிறு பக்கவாதத்துக்குப் பின் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் சேர்த்துக் கொடுப்பதன் பலன் முதல் மூன்று வாரத்துக்குள்ளேயே பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. சீனாவில் 5,170 பேரிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில் இரண்டும் சேர்த்துக் கொடுத்தது முதல் 21 நாள்தான். இவருக்கோ, வராத பக்கவாதத்துக்காக ஆறு மாதம் ஓடியிருந்தது. முன்கைகளில் ரத்தம் கட்டிய ஊதா நிறத் தடங்கள் இருந்தன. வயிற்றுக் குழாய் போடுவதற்கும் குளோபிடோக்ரெல் தடை என்பதால் முதலில் அதை நிறுத்தினோம். ஸ்கேனில் பழைய அடைப்பு இருந்ததால் ஆஸ்பிரினை விட்டுவைத்தோம். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. அம்லோடிபின் தொடர்கிறது. எடை குறைந்ததில் ரத்த அழுத்தமும் இறங்கியதால் அளவைப் பாதியாக்கினோம்.

வாயில் எச்சில் தேங்கி வழிவதற்கும், அடக்க முடியாத அழுகைக்கும், இரவுத் தூக்கத்துக்கும் சேர்த்து அமிட்ரிப்டிலின் 10 மி.கி. இரவில் கொடுத்தோம், பழைய, மலிவான மருந்து, மூன்றுக்கும் ஓரளவு உதவியது. கால் விறைப்புக்கு பாக்லோஃபென் தொடங்கியபோது நடை தள்ளாடியதால் இரண்டு வாரத்தில் கைவிட்டோம்: விறைப்பின் துணையில்தான் அந்தக் கால் நின்றுகொண்டிருந்திருக்கிறது. மரபணுச் சோதனையில் எஸ்ஓடி1 மாற்றம் இல்லை. அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு, ஏஎல்எஸ் நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவே இருக்கும் சிறு கூட்டத்துக்கு, 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோஃபெர்சன் இருக்கிறது. மற்றவர்களுக்கு அதில் எதுவுமில்லை. 2022-ல் பெரும் நம்பிக்கையோடு வந்த ஏஎல்எஸ் மருந்தான ஏஎம்எக்ஸ்0035, அடுத்த ஆய்வில் தோற்று 2024 ஏப்ரலில் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. அதைப் பற்றி இணையத்தில் படித்துவிட்டு மகன் கேட்டபோது அந்த மருந்தே இல்லாமல் போயிருந்தது.

இப்போதைய நிலை

ஏப்ரலில், மூச்சுக் கொள்ளளவு 66 விழுக்காடு இருந்தபோதே, வயிற்றில் உணவுக் குழாய் பொருத்தப்பட்டது. 50-க்குக் கீழே இறங்கிவிட்டால் அதற்கான மயக்கமே ஆபத்தாகும். எடை 55 கிலோவில் நிற்கிறது. இரவில் முகமூடி வழியாக மூச்சுக் கருவியை நாலைந்து மணி நேரம் பொறுத்துக்கொள்கிறார். நாக்கும் தொண்டையும் முதலில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இக்கருவி ஆயுளை நீட்டுவது குறைவு என்பதை அறிந்தே, தூக்கத்துக்கும் காலைத் தலைவலிக்கும் உதவுவதால் வைத்திருக்கிறோம். வியாபாரத்தை மனைவியும் அவருடைய அண்ணன் மகனும் பார்த்துக்கொள்கிறார்கள். பேச்சு இப்போது வீட்டாருக்கே புரிவதில்லை. கைப்பேசியில் இடது கையால் தட்டிக் காட்டுகிறார்.

ஜூலை வருகையில் செயல்திறன் 29, மூச்சுக் கொள்ளளவு 58 விழுக்காடு. ரிலுசோல் பொடிக்கப்பட்டு, தண்ணீரில் கலந்து, குழாய் வழியே இரு வேளை போகிறது. வாய் மரப்பது அதன் பிறகு இல்லை. ஈரல் நொதி இயல்பின் மேல் வரம்பைவிட ஒன்றரை மடங்கு இருக்கிறது. ஐந்து மடங்கைத் தாண்டினால்தான் நிறுத்த வேண்டும். மருத்துவமனைக் கணினியில் நோயறிதல் வரி திருத்தப்பட்டுவிட்டது.